முப்பத்தெட்டு மில்லி மேடு

ஐந்தாவது தடவையும் துலுக்கானத்தின் கத்தி அதே இடத்தில்தான் பாய்ந்தது. எல்லாம் ஒரே சிவப்பு.

நல்லவேளை, பாய்ந்தது கம்ப்யூட்டர் திரையில்; கத்தி மோதினால் திரை சிவந்துவிடும். நிஜத் துலுக்கானம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தன் மெஷின் அருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது புருவத்தில் ஐந்து தையல் போட்ட காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அந்தத் தையலுக்குக் காரணம் வனஜாதான். மெஷினில் ஏற்றிச் செதுக்குவதற்கு முன் இரும்பு வார்ப்பின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, மெஷினின் கத்தியை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த வசதி அப்போது இரண்டே பட்டறைகளில்தான் இருந்தது. போன மாதம் அவள் வரைபடத்தை மட்டும் நம்பி உருவத்தைப் போட்டுவிட்டாள். நிஜ வார்ப்பிலோ, படத்தில் இல்லாத புடைப்பு ஒன்று இருந்தது. கத்தி அதில் மோதித் தெறித்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேதம்தான். வார்ப்பு எந்த லட்சணத்தில் மெஷினில் ஏறுகிறதோ, அதே லட்சணத்தில் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்க வேண்டும்.

"படத்தைப் பார்க்காதீங்கண்ணே. நீங்களா எதையும் விட்டுடாதீங்க. அங்க என்ன இருக்கோ அதை அளந்து எழுதுங்க" என்று அளவெடுக்கும் பால்ராஜிடம் வெள்ளிக்கிழமை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பால்ராஜும் நாற்பது இடங்களில் அளந்து, அன்று மாலையே தாளைக் கொடுத்துவிட்டார். முப்பத்தொன்பது இடங்கள் ஒழுங்காக இருந்தன. வலது மூலையில் மட்டும் முப்பத்தெட்டு மில்லி உயரத்துக்கு ஒரு மேடு.

இன்று திங்கட்கிழமை. மேனேஜர் ஜானகிராமன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னுமா முடியலை? பத்து மணிக்குக் கஸ்டமர் வந்து நிக்கப்போறார்."

"மூலையில ஒரு மேடு இருக்கு சார். ஓட்டினா மோதிடும்."

"எங்கே, வந்து காட்டு."

போய்ப் பார்த்தார்கள். மேடாவது, மண்ணாங்கட்டியாவது! அந்த மூலையில் வெள்ளிக்கிழமை பூஜையின் மஞ்சளும் குங்குமமும்தான் கறையாகக் காய்ந்து கிடந்தன. அந்த விபத்துக்குப் பிறகு, ஜானகிராமன் தன் கையால் பூஜை போடாமல் எந்த வார்ப்பையும் மெஷினில் ஏற்ற விடுவதில்லை.

துலுக்கானம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "இன்னாம்மா இது, சமமாத்தானே கீது?"

வனஜா கையிலிருந்த அளவுத் தாளை மறுபடி பார்த்தாள். தாளில் பால்ராஜின் உருண்டைக் கையெழுத்தில் முப்பத்தெட்டு என்று தெளிவாகவே இருந்தது. வார்ப்பிலும் யாரும் மேட்டைத் தேய்த்து எடுத்த அடையாளம் இல்லை. வார்ப்பு எண்ணும் அதேதான். இந்த ஓர் அளவு பொய் என்றால், மற்ற முப்பத்தொன்பதை எதை வைத்து நம்புவது?

"கம்ப்யூட்டர்ல அந்த மேட்டை அழிச்சுட்டு ஓட்டு" என்றார் ஜானகிராமன்.

"பால்ராஜ் அண்ணன் வரட்டும் சார். நெமிலிச்சேரியிலேர்ந்து வர்ற வண்டி லேட்டு போலிருக்கு."

"அவர் வர்ற வரைக்கும் கஸ்டமர் காத்துக்கிட்டு இருப்பாரா? உன்னை நம்பிக் கம்ப்யூட்டர் வாங்கினது, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாப் போச்சு! ஒண்ணு மெஷினை ஓட்டு. இல்லே, நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

துலுக்கானம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை பச்சைப் பொத்தானின் மேல் போய் நின்றது. "இன்னாம்மா சொல்றே? உட்டுடவா?"

வனஜாவின் கண் அந்தப் புருவத்தை விட்டு நகரவில்லை. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். தம்பியின் காலேஜ் ஃபீஸ்கூட இன்னும் கட்டவில்லை.

"கையை எடுங்கண்ணே" என்றாள். "என் வேலை போனாப் போகட்டும். உங்களுக்குக் கண்ணு போனா யார் தருவாங்க?"

ஜானகிராமனின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், டிபன் பையும் கையுமாகப் பால்ராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பட்டாபிராம்கிட்ட ரயிலை நிறுத்திப் போட்டுட்டான் சார்…"

"அதை விடும்! இந்த மூலையில முப்பத்தெட்டு மில்லி மேடுன்னு எழுதியிருக்கீரே, நிஜமாவே அளந்தீரா?"

"அளந்தேன் சார். ரெண்டு தடவை."

"அப்போ அது எங்கேய்யா போச்சு?"

பால்ராஜ் வார்ப்பைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"சனிக்கிழமை நீங்கதானே சார் எடுத்துத் தண்ணியில கரைச்சீங்க?"

ஜானகிராமனின் பார்வை மெல்ல அந்த மஞ்சள் கறையின் மேல் போய் விழுந்தது. பால்ராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் வேதக்காரன் சார், சர்ச்சுக்குப் போறவன். நீங்க புடிச்சு வெச்ச மஞ்சப் புள்ளையார் மேல நான் எப்படிக் கை வைக்கிறது? அதான், சாமியோட சேர்த்தே அளந்துட்டேன்."