கொம்பு வலி

இத்தனை நாள் முதுகோடு மட்டுமே பேசிவந்த சாட்டை, ஒருநாள் வண்டிமாடுகளின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. இனி எல்லோரும் ஒரே குடும்பமாம். வெள்ளிக்கிழமைதோறும் குறைகேட்கும் கூட்டமாம்.

"பயப்படாம சொல்லுங்க, எங்க வலிக்குது?"

வயதான மயிலைக்காளை, "எனக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்று வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இளங்காளை செவலைதான் நெகிழ்ந்துபோய், "வலது தொடையில புண்ணுங்க. அங்க பட்டா உயிரே போகுது" என்றது.

மறுநாள் மேட்டில் வண்டி திணறியபோது, சாட்டை நேராக அந்தப் புண்ணிலேயே விழுந்தது. வண்டி பறந்தது.

அடுத்த கூட்டத்தில் செவலை, "புண்ணு ஆறிடுச்சுங்க. இப்பக் கொம்புலதான் வலி" என்றது. மயிலையும் ஆமாம் போட்டது. அதன்பிறகு அடியெல்லாம் கொம்பில் விழுந்தது. இரண்டும் வலிப்பதுபோல் முனகிக்கொண்டே நடந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை சாட்டை வேப்பெண்ணெயில் ஊறி வந்தது.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான். மருந்து போடத்தான் வந்திருக்கேன். நெசமா எங்க வலிக்குது?"

செவலை வாயைத் திறந்தது. மயிலை பக்கத்திலிருந்து லேசாக இடித்தது.

"கொம்புலதாங்க."

சாட்டை வெகுநேரம் கொம்புகளைப் பாசத்தோடு தடவிக்கொடுத்தது. தொடைப் புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.