பெட்டிக்குள் இருந்த ஈரல்

செல்வின் பெயரில் எடுத்த ஈரல் உயிரணுக்கள், சாப்பாட்டு மேசைமேல் ஒரு சிறு பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தன. அவன் சாப்பிடும் எதையும் முதலில் அவற்றுக்கு ஒரு சொட்டு கொடுத்துப் பார்ப்பது வீட்டு வழக்கம். ஆகாதென்றால் பெட்டி சிவக்கும். இந்த வாரம் முழுக்க, மனைவி ஜான்சி வைத்த எல்லாக் குழம்புக்கும் அது சிவந்தது.

செல்வின் அவள் கரண்டி பிடிக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே சாளைமீன் குழம்பைத் தம்பி ஜெபின் மறுபடி மறுபடி ஊற்றிச் சாப்பிட்டும் அவன் சந்தேகம் குறையவில்லை. தனக்கு மட்டும் தனியாக ஏதாவது கலக்கிறாளோ?

“என் கையை என்ன பாக்கிய? வெசம் வைக்கேன்னா?”

ஜான்சி அவன் கண்ணெதிரே குழாயைத் திறந்து, வெறும் தண்ணீரில் ஒரு சொட்டைப் பெட்டிக்குள் விட்டாள். அதற்கும் சிவந்தது.

“தண்ணியே ஆவலைன்னா கொழம்புல கொறை இல்ல. ஈரலுதான் கெட்டுக் கெடக்கு.” அவள் குரல் இறங்கிவிட்டது.

செல்வினின் கை வலது விலாவுக்குப் போனது. ஜெபின் மட்டும் சிரித்தான்.

“பயப்படாதிய அண்ணே. மதினிகிட்ட சொல்லிரட்டா? அன்னைக்கு ஊசிக்குப் பயந்து ஒங்க பேருல என்னையல்லா அனுப்புனிய. அதுக்குள்ள இருக்கது என் ஈரலு...”

சிரிப்பு பாதியில் நின்றது. ஜான்சி திறந்து கிடந்த குழாயை மூடினாள். ஒரு வாரமாக அவள் கையையே பார்த்திருந்த செல்வினுக்கு, இப்போது தம்பியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.