தாங்குவார்கள்

மகளின் காது ஆபரேஷனுக்கான பணம் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. மருத்துவமனை கவுன்ட்டர் கேமராவில் தவமணி முகம் காட்டியதுதான் தாமதம், திரையில் கட்டணம் விறுவிறுவென ஏறி இரட்டிப்பானது.

"என்னய்யா இது? நேத்து பாதிதானே சொன்னீங்க!"

"ஆளுக்கேத்த விலைம்மா," என்றார் கவுன்ட்டர்க்காரர். "முகத்தை வச்சே மெஷின் உங்க செலவுக் கணக்கை எடுத்துடும். மூணு வருஷமா நீங்க மீன் வாங்கல, பஸ் ஏறல. இவ்வளவு தாங்குனவங்க இன்னும் தாங்குவீங்கன்னு மெஷின் சொல்லுது."

"வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிச் சேர்த்தது குத்தமா?"

"செலவாளிகளுக்குத்தாம்மா தள்ளுபடி."

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி! விலை இறங்குற வரைக்கும் பிரியாணியா தின்னுவோம்!"

அம்மாவின் உதட்டசைவில் 'பிரியாணி' மட்டும் புரிந்த மகள், சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தாள்.