தொண்ணூறுக்கு அப்புறம்

"ரெண்டு ப்ராசசர் வச்ச கம்ப்யூட்டர்தான் வேணும். இதுல பேச்சே கிடையாது!"

கடைக்குள் கால் வைக்கும்போதே அறிவித்துவிட்டான் அவன். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதும் இதே நினைப்பு, தூக்கத்திலும் இதே புலம்பல். இனிமேல் கட்டப்போகிற வீடுகளை, கட்டி முடித்தது மாதிரியே படமாகச் செய்து எஞ்சினியர்களுக்குக் கொடுப்பது அவன் தொழில். வீட்டிலேயே ஓர் அறை, ஒரு நாற்காலி, ஓர் ஓட்டைக் கம்ப்யூட்டர்.

"ஒரு ப்ராசசர் போதுங்க. அதுல நல்லதா ஒண்ணு காட்டுங்க," என்றாள் மனைவி.

அவனுக்குச் சுருக்கென்றது. வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாளே!

"மேடம் ரேட்டை நினைச்சுத் தயங்கறீங்களா?" என்றார் கடைக்காரர். "ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க."

"ரேட்டுக்காக இல்லீங்க. ஒண்ணு போதும்."

"ஏன்னு காரணத்தைச் சொல்லேம்மா!" என்றான் அவன்.

"எத்தனை தடவை சொல்றது? சரி சரின்னு தலையை ஆட்டிட்டு அப்பவே மறந்துடுவீங்க."

அவள் என்ன சொன்னாள், எப்போது சொன்னாள்? அவனுக்குச் சத்தியமாக நினைவில்லை. கடைக்காரர் பக்கம் திரும்பிவிட்டான்.

"நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கண்ணே. இப்ப இருக்கற மெஷின்ல, வரைஞ்சு முடிச்ச வீட்டைப் படமா மாத்தச் சொன்னா அவ்வளவுதான், ஆளு அவுட்! திரையில ஒரு நீலக் கோடு வரும். பத்து, இருபதுன்னு நத்தை மாதிரி நகரும். நூறு வர்ற வரைக்கும் மவுஸ் அசையாது. தெரியாம கை வச்சா மொத்தமும் போச்சு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முக்கால் மணி நேரம்! ஒரு நாளைக்கு மூணு தடவை!"

"அந்தத் தொல்லையே இனிமே இல்ல சார். ஒரு ப்ராசசர் படத்தைக் கவனிச்சுக்கும். இன்னொண்ணுல நீங்க அடுத்த வீட்டை வரைய ஆரம்பிச்சுடலாம். சேரை விட்டு எழுந்திருக்கவே வேணாம்!"

"கேட்டியா? எழுந்திருக்கவே வேணாமாம்!"

மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது.

கடைக்காரர் அவனைப் பாவமாகப் பார்த்தார். புருஷன் முன்னுக்கு வருவதைப் பொறுக்காத பெண்டாட்டியும் உண்டு போல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பேச்சை மாற்றுவதற்காகக் கடைக்காரர் குனிந்து, அவர்களுடைய நாலு வயது மகளிடம் கேட்டார். "பாப்பாவுக்கு எண்ணத் தெரியுமா?"

"ஓ! பத்து, இருபது, முப்பது..." மூச்சு விடாமல் ஓடியது குட்டி. "எண்பது, தொண்ணூறு!"

சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"அப்புறம்?"

"மாட்டேன்."

"என்ன பண்ணாலும் நூறு மட்டும் வராதுண்ணே," என்று சிரித்தான் அவன். "பிடிவாதம். அப்படியே அவங்கம்மா!"



"ஓட்டிப் பாருங்க சார். உங்க வேலையையே போட்டுப் பாருங்க."

இதற்காகவே சி.டி.யைப் பையில் கொண்டுவந்திருந்தான். ரெட்டை ப்ராசசர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு மாடி வீட்டை ஏற்றினான். தட்டினான். திரையில் நீலக் கோடு வந்தது.

பயந்து பயந்து மவுஸை அசைத்தான். அது வெண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி போயிற்று!

"நகருது! அண்ணே, நகருது!"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கத்தினான். இன்னொரு வீட்டைத் திறந்தான். சுவர் எழுப்பினான். ஜன்னல் வைத்தான். அந்தப் பக்கம் கோடு நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடடா, இதல்லவா வாழ்க்கை!

"அப்பா! கோடு வந்துருச்சு!" குட்டி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. "எழுந்திரு! குதிரை ஆடலாம் வா!"

"இனிமே அப்பா எழுந்திருக்கவே வேணாம்டா செல்லம்! கோடு அது பாட்டுக்கு ஓடும், நான் என் பாட்டுக்கு வேலை பாப்பேன்!"

குட்டி திரையைப் பார்த்தது. மவுஸின் மேல் இருந்த அவன் கையைப் பார்த்தது. பிறகு தன் ரெண்டு கையையும் அந்தக் கையின் மேல் வைத்து, அசைய விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"கோடு ஓடும்போது யாரும் கை வைக்கக் கூடாது. நீதானே சொன்னே?"

"அது பழசுலடா..."

"கோடு இருந்தா நீ எங்கூட இருக்கணும். நூறு வந்தாத்தான் போகணும்."

அவன் கை நின்றது. வீட்டில் முதுகில் இவளை ஏற்றிக்கொண்டு தவழ்ந்தது, சேர்ந்து சாப்பிட்டது, தூங்க வைத்தது எல்லாமே அந்த முக்கால் மணி நேரங்களில்தான். அவன் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த அதே முக்கால் மணி நேரங்களில்.

"இவ நூறு ஏன் சொல்ல மாட்டேங்கறான்னு இப்பவாவது புரியுதா?" என்றாள் மனைவி மெல்ல.

"நான்... இனிமே நானே அப்பப்ப எழுந்து வந்து..."

"நீங்க? தானா எழுந்திருக்கற ஆளா நீங்க?"

கோடு தொண்ணூறைத் தொட்டிருந்தது. குட்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

கடைக்காரர் உற்சாகமாக பில் புத்தகத்தோடு வந்தார். "இதையே பேக் பண்ணிடலாமா சார்?"

"வேணாண்ணே. ஒண்ணு போதும்."

சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு இறங்கினான். கடை நடுவில், நாலு பேர் வேடிக்கை பார்க்க, கையையும் முழங்காலையும் ஊன்றி நின்றான். குட்டி குஷியில் வீலென்று கத்திக்கொண்டு முதுகில் ஏறியது.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வியாபாரத்தை விடுவாரா?

"அப்ப மேடம் கேட்ட ஒத்தை ப்ராசசரைத் தரேன் சார். அசுர வேகம்! உங்க முக்கால் மணி நேர வேலையைப் பத்தே நிமிஷத்துல முடிச்சுடும்!"

"பத்தே நிமிஷமா?"

தரையிலிருந்தபடியே தலையைத் தூக்கி, கெஞ்சுகிற குரலில் கேட்டான் அவன்.

"அதைவிடக் கொஞ்சம் மெதுவானதா ஏதாவது இருக்காண்ணே?"