செவ்வாய்க்கிழமை ஷிப்ட்

கொரோனாத் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றது செமி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து இரண்டு வரை செமியின் ஷிப்ட். மூன்று வாரம் கவனித்து, காலண்டரில் குறித்து வைத்துத்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். செமி என் அத்தை மகன். அவனிடம் எதையும் சொல்லலாம். வாய் வலிக்கக் கேலி செய்துவிட்டுக் கட்டையைத் தூக்கிவிடுவான்.

நின்றது அபெனிசா. என் பெரியப்பா மகன்.

எங்கள் ஃபிஜிக் கிராமங்களில் அத்தை மகனோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாயடிக்கலாம். பெரியப்பா மகன் அப்படியில்லை, கூடப்பிறந்த அண்ணனுக்குச் சமம். ஒரு பெண் பெரியவளான பிறகு அவனோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. உடம்பைப் பற்றிய பேச்சு அவன் காதில் விழவே கூடாது. அபெனிசாவும் நானும் பேசி இருபது வருடம் ஆகிறது.

காய்கறி வியாபாரி கவுண்டர் லாரியை வரிசையில் நிறுத்தினார். பின்னால் கத்தரிக்காயும் தலோக் கிழங்கும். முன்னால் அவரும் நானும்.

என் சட்டைக்குள் பச்சை அட்டை இருந்தது. கருத்தடை ஊசி கடைசியாகப் போட்டது மே பதினெட்டு. பதின்மூன்று வாரத்தைத் தாண்டக்கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

இன்று ஆகஸ்ட் பதினேழு.

அந்த நர்ஸை மே கடைசியில் கொரோனா பரிசோதனை வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்த ஊசி, தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம், டவுனில் மட்டும்.

மூன்றாவது பிரசவத்தில் எனக்கு ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொன்று வந்தால் உன்னைக் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் டாக்டர். நாந்தியில் வேலை பார்த்த ஓட்டலை மூடியதிலிருந்து கணவர் வீட்டோடு இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் வீடு ஒரே அறை.

அபெனிசா என் பக்கக் கதவைத் தவிர்த்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனான்.

"என்ன கவுண்டரே, மாஸ்க் கீழ தொங்குது? தாடிக்கு மட்டுந்தான் கொரோனா வருமா?"

"மாட்டிக்கிட்டேன், மாட்டிக்கிட்டேன். கத்தரிக்கா வாடுது தம்பி, கட்டையத் தூக்கு."

"கத்தரிக்காய்க்குப் பாஸ் இருக்கு. பக்கத்துல இருக்கறவங்க எதுக்குப் போறாங்க?"

என் பெயர் அவன் வாயில் வராது.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். டவுனுக்கு என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஏம்மா தோரிகா, எதுக்குன்னு கேக்கறாரு."

கவுண்டருக்குக் காது மந்தம். அவர் காதில் ரகசியமாகச் சொன்னால், சரிதானா என்று வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி திருப்பிக் கேட்பார். அட்டையை நீட்டலாம். அதுவும் பேசுவதுதான்.

கவுண்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது தம்பி. கத்தரிக்காயப் பத்திக் கேளு, பதில் சொல்றேன்."

கூடாரத்துக்குள்ளிருந்து சார்ஜென்ட் கத்தினார்.

"அங்க என்ன தாமதம்? அவசர மருத்துவம்னா அனுப்பு. இல்லைன்னா இறக்கி விடு!"

பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன.

இறங்கினால் ஒன்பது கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். வாயைத் திறந்தால் இனி அபெனிசா இருக்கும் இடத்தில் நான் இருக்க முடியாது. கல்யாணத்திலும் சாவிலும் ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கியே காலம் போகும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், சின்னதுக்கு இன்னும் நடை சரியாக வரவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மாஸ்கைக் கீழே இழுத்தேன்.

"பல்வலி சார்!"

சொன்னது அபெனிசா. கூடாரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"மறுபடியுமா? அந்த ஊர்ப் பொம்பளைங்க அப்படி என்னத்தைத்தான் கடிக்கறாங்க?"

"கரும்பு சார்."

கவுண்டர் சிரித்துவிட்டார். அபெனிசா சிரிக்கவில்லை. மருத்துவப் பதிவேட்டைத் திறந்து, லாரிக் கதவின் மேல் வைத்து நிதானமாக எழுதினான். எழுதி, கவுண்டரிடம் கொடுத்தான். கவுண்டர் என்னிடம் கொடுத்தார்.

பதிவேட்டில் ஊருக்கு ஒரு பக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்தில், கடைசி வரியில் மை காயவில்லை. தோரிகா. காரணம், பல்வலி.

அதற்கு மேல் பதினொரு பெயர்கள். எல்லோரும் என்னோடு ஆற்றில் துணி துவைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள். எல்லோருக்கும் பல்வலி. ஒருத்தியும் என்னிடம் மூச்சு விட்டதில்லை. பதினொன்றும் அபெனிசாவின் கையெழுத்து.

நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், அந்தப் பதினொன்றுக்கும் மேலே, பக்கத்தின் முதல் வரியைப் பார்த்தேன்.

ஜூன் எட்டு. வெனாய்சி. காரணம், கருத்தடை ஊசி என்று உள்ளபடியே எழுதியிருந்தது. அடுத்த கட்டத்தில், 'அவசரமில்லை. திருப்பி அனுப்பப்பட்டார்.'

அதுவும் அதே கையெழுத்துதான்.

கட்டை மேலே போனது. லாரி நகரும்போது அபெனிசா மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெனாய்சி அவன் மனைவி. வயது நாற்பத்து மூன்று. இப்போது மூன்றாம் மாதம்.