இடது கதவுச் சத்தம்

“நாற்பத்து மூணு வருஷமா ஒரே காரை வெச்சிருக்கீங்க. ஒரு குறைகூடவா இல்லை? கூச்சப்படாம சொல்லுங்க செஸ்டர் சார், அப்படியே பத்திரிகையில போட்டுடறேன்” என்றாள் மார்லீன்.

பென்ரிக் கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். மிச்சிகனில் அந்தக் கார்களைச் செய்த தொழிற்சாலை இருந்த இடத்திலேயேதான் நடக்கும். கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள், சிமென்ட் தரை மட்டும் பாக்கி. குதிரை வண்டியில் ஆரம்பித்து, எண்பது வருஷம் கார் செய்து, ஒரு வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டிக்கொண்டு போன கம்பெனி அது. மார்லீன்தான் சங்கத்துக்குப் பத்திரிகை ஆசிரியை, மெக்கானிக், சிறந்த காருக்கான போட்டிக்கு நடுவர், எல்லாம்.

“எழுதிக்கம்மா” என்றார் எண்பத்து நாலு வயது செஸ்டர். “இன்ஜின் தங்கம். சீட்டு எங்க வீட்டு சோபாவைவிட சொகுசு. என் பொண்டாட்டி ஹெலன் ஏறி உக்காந்தா ரெண்டாவது தெரு தாண்டறதுக்குள்ள குறட்டை விடுவா, பாவம். குறைன்னு சொன்னா… இந்த இடது கதவுதான். சாத்தினா உள்ள கடகடன்னு ஒரு சத்தம். வாங்கின நாள்லேர்ந்து.”

பக்கத்தில் நின்ற மகன் ரோஜர், தின்றுகொண்டிருந்த ஹாட்டாக்கைக் கீழே வைத்துவிட்டான்.

“அட, அதுக்கு அஞ்சு மார்க் போயிடுமே சார்! உள்பக்க அட்டையைக் கழட்டினா அஞ்சு நிமிஷ வேலை. சத்தத்தை நிறுத்திட்டா கோப்பை உங்களுக்குத்தான்.”

“வேண்டாம்!” என்றார்கள் அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில்.

“நல்ல அப்பா, நல்ல பிள்ளை” என்று சிரித்தாள் மார்லீன்.

ரோஜருக்குச் சிரிப்பு வரவில்லை. 1972-இல் இதே இடத்தில், கதவு மாட்டும் வரிசையில் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது பத்தொன்பது வயது. ஒருநாள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டான். ஆத்திரம் வந்தால் கதவுக்குள் எதையாவது போட்டு மூடுவது அந்த வரிசைக்காரர்களின் வழக்கம். வாங்குகிறவன் ஆயுசுக்கும் சத்தம் கேட்டுச் சாகட்டும்! ரோஜரும் ஒரு காலி சோடா பாட்டிலில் ஆறு நட்டுகளைப் போட்டான். சாப்பாடு கொண்டுவந்த காகிதப் பையைக் கிழித்து, ‘கண்டுபிடிச்சிட்டியா, பணக்கார நாயே?’ என்று எழுதி அதையும் திணித்தான். வரிசையில் வந்தது கம்பெனியின் ஒசத்தியான மாடல். எவனோ டாக்டரோ வக்கீலோதானே வாங்கப்போகிறான் என்று கதவுக்குள் வைத்து மூடிவிட்டான்.

வாங்கியது அப்பா. பதினெட்டு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டி, ஒருத்தருக்கும் சொல்லாமல் சேர்த்த காசில் வாங்கி வந்து, “என் பையன் கை பட்ட கார்!” என்று தெருவையே கூட்டிக் கதவைச் சாத்திக் காட்டினார். கடகட.

சத்தத்தைக் கேட்டதுமே ரோஜருக்குத் தெரிந்துவிட்டது, அது தன் பாட்டில்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்குப் போய்வரும்போது அந்தச் சத்தம். டீலர் இலவசமாகவே பார்த்துத் தருகிறேன் என்றபோது, நல்லவேளை, அப்பா வேண்டாம் என்றுவிட்டார். புதுக் காரைப் பிரிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று ரோஜர் மூச்சு விட்டான். முப்பது வருஷம் அங்கேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றான்.

மார்லீன் விடுவதாக இல்லை. “ஏன் ரோஜர், நீங்க கதவு வரிசையிலதானே இருந்தீங்க? உங்க வீட்டுக் கார் கதவே இப்படிக் கடகடக்குதே, வெக்கமா இல்லை?”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

செஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “இந்தா பாரும்மா, என் பையன் போட்ட கதவு சத்தம் போடாது. இது எவனோ வேலை தெரியாதவன் பண்ணினது.”

ரோஜருக்குத் தாங்கவில்லை. சிமென்ட் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

“நான்தாம்ப்பா அது” என்றான். எல்லோரும் திரும்பினார்கள். அறுபத்திரண்டு வயது மனிதன் அழுதுவிட்டான். “சோடா பாட்டில்ல நட்டைப் போட்டு நான்தான் வெச்சேன். அசிங்கமா ஒரு சீட்டும் எழுதி வெச்சேன். உங்களுக்குன்னு தெரியாதுப்பா…”

“கழட்டும்மா மார்லீன்” என்றார் செஸ்டர்.

ஸ்க்ரூக்கள் கழன்றன. மார்லீன் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். “கிடைச்சிடுச்சு!”

ரோஜர் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது, அவள் கையில் இருந்தது துருப்பிடித்த தகர டப்பா. அப்பா அந்தக் காலத்தில் வைத்திருந்த புகையிலை டப்பா.

“பாட்டில்னு சொன்னீங்க?” என்றாள் மார்லீன். டப்பாவுக்குள் ஆறு நட்டு, மடித்த காகிதம். ரோஜர் பிரித்தான். ஒரு பக்கம் அவன் எழுதிய வசவு. மறுபக்கம் அம்மாவின் கையெழுத்து: ‘ரோஜருக்கு. வெங்காயம் போடாதது.’

“வாங்கின மூணாம் நாளே கழட்டிட்டேன்டா” என்றார் செஸ்டர். “டீலர் கண்ணுல பட்டிருந்தா உன் வேலை போயிருக்கும். பாட்டில் உடைஞ்சு யார் கையையாவது கிழிக்கப்போகுதேன்னு டப்பாவுக்கு மாத்தினேன்.”

“தூக்கி எறிஞ்சிருக்கலாமேப்பா! ஏன் திரும்ப உள்ளயே வெச்சீங்க?”

“சத்தம் நின்னிருந்தா, அந்தச் சீட்டை நான் படிச்சிட்டேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமேடா.”