மஞ்சள் காரின் கவலை

பந்தயம் தொடங்கும் நேரம். அடுத்தடுத்த கொட்டகைகளில் வெள்ளிக் காரும் மஞ்சள் காரும் நின்றன. எல்லா அணிகளும் ஒரே அளவுதான் செலவு செய்யலாம் என்று அந்த வருஷம் விதி வந்திருந்தது.

"நேத்து பயிற்சி ஓட்டத்துல உரசினதுல என் மூக்குல இருக்குற இறக்கை விரிசல் விட்டுடுச்சு," என்றது வெள்ளி. "முன்னெல்லாம் உடனே புதுசு மாட்டுவாங்க. இப்போ ஒட்டுப் போட்டு அனுப்புறாங்க. ஓடுற வேகத்துல பிச்சுக்குமோன்னு பயமா இருக்கு. உனக்கென்னப்பா, நீ கேட்ட விதிதானே?"

மஞ்சள் தன் முன்சக்கரங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஏன், சந்தோஷமா இல்லையா?"

"இத்தனை வருஷமும் நான்தான் கடைசி," என்றது மஞ்சள். "பாவம், காசில்லாத அணி, இவ்வளவு தூரம் ஓடினதே பெரிசுன்னு சனங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்க."

"அதுக்கென்ன இப்போ?"

"இன்னைக்கும் கடைசியா வந்தா?"

மெக்கானிக்குகள் வந்து தள்ளியதும் வெள்ளி உருண்டு வெளியே போனது. மஞ்சளையும் தள்ளினார்கள். அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

என்ன கோளாறு என்று அவர்கள் குனிந்து தேடினார்கள். ஏதாவது கிடைத்துவிடாதா என்று மஞ்சளும் காத்திருந்தது.